ஸ்கேனில் ஒன்றும் இல்லை

நல்லூர்
17.06.2024

பூங்கோதைக்கு,

அண்ணி பிரபா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் சுகம்தானே. இங்கே அப்பா, அம்மா சுகம். என்னைப் பற்றி நீ கேட்கப்போவதில்லை என்று தெரியும். கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது கடிதமா என்று சிரிப்பாய். திரையைப் பார்த்தால் கண்ணுக்குப் பின்னால் ஊசி ஏறுவதுபோல் இருக்கிறது. காதில் வைத்தால் பேசுகிறவர் குரல் மண்டைக்குள் வந்து மோதுகிறது. உன் அண்ணன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டால்கூட அப்பாதான் பேசிவிட்டு எனக்குச் சொல்கிறார். வெயில் ஏறுவதற்கு முன் கொஞ்ச நேரம் பேனா பிடிக்க முடிகிறது. இதையும் விட்டு விட்டுத்தான் எழுதினேன்.

சித்திரையில் நம் பீங்கான் யூனிட்டில் நடந்தது உனக்குத் தெரியும். கிளேஸ் தொட்டியருகே குனிந்திருந்தேன். மேல் தட்டிலிருந்து பிளாஸ்டர் அச்சு நழுவிப் பின்மண்டையில் விழுந்தது. ரத்தம்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, வூட்டுக்குப் போங்க" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அதற்கப்புறம்தான் மண் அரைக்கிற மில் சத்தத்துக்கு வாந்தி வந்தது. பியூஸ் கட்டைகளை அட்டைப் பெட்டியில் அடுக்கும்போது எந்தப் பெட்டி முடிந்தது, எது முடியவில்லை என்று தெரியாமல் நின்றேன். நான் மாடியில் கண்ணை மூடிப் படுத்திருப்பேன், கீழே உன் வீட்டு டிவி அலறும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எத்தனை முறை ஆள் அனுப்பினேன். நீ குறைக்கவில்லை. அதனால்தான் நல்லூர் வந்தேன்.

நறுமுகையை உன்னிடம் விட்டுவந்தது ஸ்கூலுக்காக மட்டும்தான். "ஞாயித்துக்கெழம கூட்டியாரேன் அண்ணி" என்றாய். எந்த ஞாயிறு என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்காமல் விட்டுவிட்டேன். ஏழு வயசுப் பிள்ளை அவள். பெற்றவள் நான். வரும் ஞாயிறு அழைத்து வா.

பிரபா

விருத்தாசலம்
26.06.2024

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

பூங்கோதை வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அதைப் படித்தபோதே நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்துவிட்டது. இவ்வளவு நீளமாக எழுத உடம்பில் தெம்பு இருக்கிறதே. இங்கே நாங்களும் நலம், நலமாக இல்லாமல் இருக்க எங்களுக்கு நேரம் இல்லை.

ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகு உங்களுக்கு மட்டும் என்ன இருக்கிறது? "உங்க அண்ணிக்குத் தலையில அடிபடல, வேலை செய்ற கையிலதான் அடிபட்டிருக்கு" என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். யூனிட்டில் எல்லோருக்கும் எதிரிலேயே சொல்கிறார். கொலு பொம்மை ஆர்டர் வந்து குவிகிறது. நீங்கள் பார்த்த கிளேஸ் வேலையும் இப்போது என் தலையில்.

எனக்கும்தான் காலையில் எழுந்தால் தலை சுற்றுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போகிறேன். அடுப்பில் பால் வைத்துவிட்டு, பொங்கி வழியும்போது யார் வைத்தது என்று பார்க்கிறேன். ட்யூப்லைட் எனக்கும் ஆகாது. போன் வெளிச்சம் எனக்கும் ஆகாது, அதனால்தான் நானும் பேனா எடுத்திருக்கிறேன். அதற்காகக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு இருட்டில் படுத்துக்கொண்டேனா? பொம்பளையாய்ப் பிறந்தால் தலை வலிக்கத்தான் செய்யும். நீங்கள் ஓடிப்போக அம்மா வீடு இருக்கிறது. என் அம்மா உயிரோடு இல்லை, அப்பாவும் இல்லை. இருக்கிற ஒரே அண்ணன் கடலுக்கு அந்தப் பக்கம், அதுவும் உங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு.

டிவி என் வீட்டு டிவி. எவ்வளவு சத்தம் வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். என் பக்கத்தில்தான் படுக்கிறாள். சத்தமே தாங்காத அம்மாவிடம் அவள் வந்து என்ன செய்வாள்? பேசக் கூடாது, ஓடக் கூடாது, பாத்திரத்தைக் கீழே போடக் கூடாது என்று ஜெயிலில் வைப்பதற்கா? அழைத்து வரமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்களுக்கு நன்றாக வருமே.

பூங்கோதை

நல்லூர்
10.07.2024

பூங்கோதைக்கு,

சுகம் கேட்டு எழுத மனம் வரவில்லை. ஆனாலும் என் பிள்ளை உன் வீட்டில் இருப்பதால் உங்கள் எல்லோருடைய சுகமும் எனக்கு வேண்டியிருக்கிறது.

அப்பா என்னைப் புதுச்சேரிக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஹஸ்னா என்று ஒருவர், என்னைப் போன்றவர்களை வைத்து ஆராய்ச்சி செய்கிறார். தலையில் அடிபட்டு, ஸ்கேன் சரியாக இருந்து, ஆனாலும் மாதக்கணக்கில் தேறாதவர்கள். உன் வீட்டுக்காரர் சொன்னதை அவரிடமும் சொன்னேன். சிரிக்கவில்லை. "எலும்பு ஒடஞ்சா, ரத்தம் கசிஞ்சா ஸ்கேன் காட்டும்மா. மூளை குலுங்கினத அது காட்டாது. நெறைய பேருக்குச் சில வாரத்துல சரியாயிடும். சிலருக்கு ஆகாது. ஏன் ஆகலன்னுதான் நாங்க பாக்குறோம்" என்றார்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். சூளையிலிருந்து எடுத்த ஜாடியை நாம் கண்ணால் பார்த்துப் பாஸ் போடுவதில்லை. விரலால் தட்டிக் கேட்கிறோம். கீறல் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் மட்டமாக வரும். அந்த மாதிரிதான் அவர்கள் என்னைத் தட்டிப் பார்த்தார்கள். பஞ்சு மெத்தை மேல் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள், சாய்ந்தேன். ஒரு பேனாவை இடமும் வலமும் ஆட்டி, தலையைத் திருப்பாமல் பார்க்கச் சொன்னார்கள், குமட்டியது. சில வார்த்தைகளைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்கள், பாதி வரவில்லை. ரத்தமும் எடுத்தார்கள். இருட்டில் படுத்தே கிடக்கக் கூடாது, தினமும் கொஞ்சம் நடக்க வேண்டும், தலைவலி கூடினால் நிறுத்தி மறுநாள் மறுபடி நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். இப்போது ஏரிக்கரை வரை போய் வருகிறேன்.

ஒரு விஷயம் கேட்கத்தான் எழுதுகிறேன். தலையில் அடியே படாத ஒரு பெண், என் வயதில், என் குடும்பத்தில், என்னைப் போலவே வேலை செய்கிறவள், வந்து அதே சோதனைகளைச் செய்ய வேண்டுமாம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் எனக்கு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். உன் வயசும் என் வயசும் ஒன்று. உன்னை விட்டால் ஆள் இல்லை. உன்னிடம் இதைக் கேட்பது எனக்கு எவ்வளவு கசக்கிறது என்று உனக்கே தெரியும்.

பிரபா

விருத்தாசலம்
20.07.2024

அண்ணிக்கு,

வணக்கம். ஏரிக்கரை வரை நடக்கிறீர்கள் என்று அறிந்து சந்தோஷம். ஏரிக்கரையிலிருந்து விருத்தாசலம் பஸ் போகிறதே, ஏறக்கூடாதா?

மனுஷியைத் தட்டிப் பார்த்து வாங்குகிற டாக்டரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ஒற்றைக் காலில் நிற்கத் தெரியாவிட்டால் அது வியாதியா? உங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்தே எதிலும் நிலையாக நின்று பழக்கம் இல்லை.

முடியாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவர் படித்துவிட்டு, "போயிட்டு வா. நீ எல்லாத்தையும் செஞ்சு காட்டு. ஒன்னோட பேப்பரக் கொண்டுபோயி உங்கண்ணன் மூஞ்சியில காட்டுறேன்" என்றார். எனக்கும் அது சரியென்று பட்டது. ஆகவே வருகிறேன். நான் அந்த மெத்தை மேல் நிற்பேன். பேனாவைப் பார்ப்பேன். வார்த்தைகளைத் திருப்பிச் சொல்வேன். சரியாகச் செய்துவிட்டால் நீங்கள் ஆவணி முடிவதற்குள் விருத்தாசலம் வந்து கிளேஸ் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். அப்புறம் தலை என்ற வார்த்தையே உங்கள் வாயில் வரக்கூடாது. சம்மதமா?

பாப்பா உங்களைக் கேட்கவில்லை.

பூங்கோதை

நல்லூர்
28.07.2024

பூங்கோதைக்கு,

சம்மதம். நீ சரியாகச் செய்தால் நான் வருகிறேன். தவறினால் நறுமுகை நல்லூருக்கு வர வேண்டும், வந்தால் என்னோடுதான் இருக்க வேண்டும். அதற்கு நீ சம்மதிக்கிறாயா என்று கேட்கவில்லை, சொல்கிறேன்.

அடுத்த மாதக் கடைசியில் உனக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். நாள் குறித்த சீட்டை அப்பா கொண்டுவருவார். நான் அங்கே இருக்கமாட்டேன், இரண்டு பேரையும் ஒன்றாகச் சோதிக்க மாட்டார்கள். கேட்பதற்கு உள்ளதை உள்ளபடி சொல். என் மேல் இருக்கிற கோபத்தில் எதையாவது மாற்றிச் சொன்னால் அவர்களுடைய ஆராய்ச்சிதான் கெடும்.

பாப்பா என்னைக் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். அதை எழுதும்போது உனக்கு நிம்மதியாக இருந்திருந்தால் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பிரபா

விருத்தாசலம்
05.09.2024

அண்ணிக்கு,

வணக்கம். நலம்.

புதுச்சேரி போய்வந்தேன். எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதாம், அதனால் ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை. வேறொன்றும் இல்லை. போட்டி என்று ஒன்றும் இனி இல்லை.

அந்த டாக்டரம்மா தேவையில்லாததெல்லாம் கேட்கிறார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்றெல்லாம் ஒரு டாக்டருக்கு எதற்கு? நீங்கள் ஏதாவது சொல்லி வைத்தீர்களா?

இந்த விஷயமாக வீட்டுக்குத் தபாலில் எழுத வேண்டாம். அவர் பிரித்துப் படிக்கிறார். எழுதியே ஆக வேண்டுமென்றால் உங்கள் அப்பா தொழிற்பேட்டைக்கு வரும்போது என் கையில் கொடுக்கட்டும். எழுதாமல் இருந்தால் இன்னும் நல்லது.

பூங்கோதை

நல்லூர்
12.09.2024

பூங்கோதைக்கு,

அப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு இப்போது பரவாயில்லை. காலையில் சமையல் செய்கிறேன். எதிர் வீட்டு மோட்டார் சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறேன். இதைக் கேட்டு உனக்குச் சந்தோஷமாக இருக்காது.

ரத்த அழுத்தம் என்று எழுதியிருந்தாய். ரத்த அழுத்தம் இருப்பவர்களையும் சேர்க்கிறார்கள், எனக்கு முன்னால் வரிசையில் நின்ற அம்மா அதற்குத்தான் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் ஹஸ்னாவிடம் கேட்டேன். "அவங்க விஷயத்த அவங்கதான் சொல்லணும்" என்று முடித்துக்கொண்டார். ஆக, நீ மறைக்கிறாய். மெத்தை மேல் நிற்க முடியவில்லை, அதுதானே? எனக்கு எதிலும் நிலையாக நின்று பழக்கமில்லை என்றாயே. நீ எத்தனை நேரம் நின்றாய்? வார்த்தைகள் மறந்துபோனதா? ஊரெல்லாம் என்னை நடிக்கிறவள் என்று சொல்லிவிட்டு, அதே இடத்தில் நீ தோற்றுப்போய் வந்திருக்கிறாய்.

என் தலையில் அச்சு விழுந்தது. உன் தலையில் என்ன விழுந்தது?

நாம் பேசியபடி காலாண்டு பரீட்சை முடிந்ததும் நறுமுகை இங்கே வர வேண்டும். அப்பா வந்து அழைத்துக்கொள்வார்.

பிரபா

விருத்தாசலம்
28.09.2024

அண்ணிக்கு,

பாப்பாவை உங்கள் அப்பாவோடு அனுப்புகிறேன். துணிகள் எல்லாம் வைத்திருக்கிறேன், ஸ்வெட்டர்கூட.

லீவு முடிந்ததும் திருப்பி அனுப்ப வேண்டாம். நல்லூரிலேயே ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள். டிசி வாங்கித் தருகிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இல்லை.

பூங்கோதை

நல்லூர்
03.10.2024

பூங்கோதைக்கு,

இதை அம்மா உன் கையிலேயே கொடுப்பாள். படித்ததும் கிழித்துவிடு.

நறுமுகை வந்த அன்று சாயங்காலம் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏதோ வாக்குவாதம். நெல் விற்கிற விஷயம், பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா குரலை உயர்த்திப் பேசிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். உடனே நறுமுகை எழுந்து ஓடினாள். ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தை முழுதாகக் கூட்டினாள். எனக்கு மண்டை பிளந்தது. "கொறைடி, அம்மாவுக்குத் தாங்காதுன்னு தெரியாதா" என்று கத்திவிட்டேன். அவள் ரிமோட்டைக் கீழே வைக்கவில்லை. "மாமா கதவச் சாத்தினா டிவிய சத்தமா வெக்கணும்னு அத்தை சொல்லியிருக்கு. அத்தை வெளிய வர்ற வரைக்கும் கொறைக்கக் கூடாது" என்றாள்.

எந்த மாமா, எதற்காக என்று கேட்டேன். சொன்னாள். குழந்தை சொல்வதுபோல் சொன்னாள், சாப்பிட்டேன், விளையாடினேன் என்பதுபோல. "அத்தைய செவுத்துல வெச்சு இடிப்பாரு. அப்புறம் அத்தை தூங்கிடும். நான் தண்ணி கொண்டாந்து வெப்பேன்."

அவளை மடியில் வைத்துக்கொண்டேன். அதற்குமேல் கேட்கவில்லை.

மாடியில் படுத்துக்கொண்டு, நாடகம் பார்க்கிறாய் என்று உன்னைத் திட்டினேன். என்னைச் சித்திரவதை செய்யத்தான் சத்தம் வைக்கிறாய் என்று உன் அண்ணனிடம் சொன்னேன்.

நேற்று மறுபடி புதுச்சேரி போனேன். உன்னைப் பற்றி டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் உன் பேரைச் சொல்லவில்லை. "புருஷன் அடிச்சாலும் எனக்கு வந்த மாதிரி வருமா?" என்று மட்டும் கேட்டேன். "பைக்ல விழுந்தவங்க, வெளையாட்டுல அடிபட்டவங்க, இவங்களத்தான் ரொம்ப காலமா ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தோம். வூட்டுக்குள்ள அடிபடுற பொம்பளைங்கள யாரும் அவ்வளவா கேக்கல. ஒரு அடி ஆறுறதுக்குள்ள அடுத்த அடி. வர்றவங்கள்ல பாதிப் பேரு தங்களுக்குத் தலையில அடியே பட்டதில்லன்னுதான் சொல்லுவாங்க" என்றார்.

எத்தனை வருஷமாக நடக்கிறது? என் மேல் இருக்கிற கோபம் உனக்கு அப்படியே இருக்கட்டும், எனக்கும் உன் மேல் இருக்கிறது. நடிக்கிறாள் என்று நீ எழுதிய ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். அதை அப்புறம் பார்த்துக்கொள்வோம். இப்போது அம்மாவோடு கிளம்பி வா.

பிரபா

விருத்தாசலம்
16.10.2024

அண்ணிக்கு,

உங்கள் அம்மாவோடு நான் வரவில்லை. வரவும் மாட்டேன். அவர்களை வாசலில் நிற்கவைத்து அனுப்பியதற்கு மன்னிக்கச் சொல்லுங்கள், அவர் வீட்டில் இருந்தார்.

சின்னப் பிள்ளை வாயைக் கிண்டி என் வீட்டு விஷயத்தைத் தெரிந்துகொண்டீர்கள். சந்தோஷமா? இப்போது உங்களுக்கு என்மேல் இரக்கம் வந்திருக்கும். அது எனக்கு வேண்டாம். நீங்கள் திட்டி எழுதியதே நன்றாக இருந்தது.

என் தலையில் என்ன விழுந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

புதுச்சேரியில் முதலில் ஒரு பெண் உட்காரவைத்துக் கேட்டாள். "தலையில எப்பவாவது அடிபட்டிருக்குங்களா?" இல்லை என்றேன். மயக்கம் போட்டு விழுந்ததுண்டா? இல்லை. டிக் போட்டுக்கொண்டே போனாள். பிறகு டாக்டரம்மா பேனாவை ஆட்டினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். நான் அவர் மேசை மேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். மெத்தை மேல் நிற்கவே முடியவில்லை, அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வார்த்தைகளைக் கேட்டபோது எனக்கு ஒன்றுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் அதைக் கவனித்தார். மறுபடி திறந்து, லேசாக ஒருக்களித்து வைத்தார்.

"அம்மா, வண்டியில விழுந்தாதான் அடின்னு இல்ல. யாராவது புடிச்சுத் தள்ளினாலும், முடியப் புடிச்சு ஒலுக்கினாலும் அதுவும் அடிதான்" என்றார்.

"செவுத்துல இடிச்சா?" என்று கேட்டேன். யாரோ கேட்பதுபோல் இருந்தது.

"அதுவும்தான். எத்தனை தடவைம்மா?"

"எத்தனை தடவைன்னு ஞாபகம் இல்லன்னா என்னங்க பண்றது?"

அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். நலமாக இருப்பவர்கள் பட்டியலில் என்னைச் சேர்க்க முடியாது என்றார். என்னைப் போன்றவர்களுக்குத் தனியாக ஒரு பிரிவு ஆரம்பித்திருக்கிறார்களாம், பேர் போடாமல் சேரலாமாம். போலீசுக்குப் போகிறதானால் எழுதித் தருகிறேன் என்றார். எனக்கு ரத்த அழுத்தம் என்று சீட்டில் எழுதித் தரச் சொன்னேன், வீட்டில் காட்ட. பொய் எழுத மாட்டேன், ஆனால் அளந்து பார்ப்பேன் என்று அளந்தார். உண்மையிலேயே அதிகமாகத்தான் இருந்தது. எழுதிக் கொடுத்தார்.

கல்யாணமான அடுத்த ஆடியில் ஆரம்பித்தது. முகத்தில் அடிக்க மாட்டார், வெளியே தெரியும் என்று. நான் வழுக்கி விழுந்தேன், நிலைப்படியில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லிச் சொல்லி எனக்கே சில நாள் அப்படித்தானோ என்று தோன்றும். உங்கள் தலையில் ஒரே ஒரு அச்சு, ஒரே ஒரு முறை விழுந்தது. பேட்டையே ஓடி வந்தது. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வந்தது. அண்ணன் மஸ்கட்டில் அழுதான். எனக்கு என்ன வந்தது அண்ணி? உங்களுக்குத் தலைவலி என்றால் வியாதி, எனக்குத் தலைவலி என்றால் சோம்பேறித்தனம் என்று நானே என்னைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறிப்போன அன்று எனக்கு உங்களைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. இப்போதும் அந்த எரிச்சல் போகவில்லை.

பாப்பாவை அனுப்பியது உங்களுக்காக இல்லை. அன்று அவர் டிவியை உடைத்துவிட்டார். அதனால்தான்.

எழுத வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். பாப்பாவுக்குப் பல் ஆடுகிறது, பிடுங்க விடாதீர்கள், தானே விழட்டும்.

பூங்கோதை

நல்லூர்
12.11.2024

ராஜ்மோகனுக்கு,

நலம் கேட்டு எழுதுவதுதான் வழக்கம். உங்கள் நலத்தில் எனக்கு அக்கறை இல்லாததால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நாத்தனார் புருஷன் என்பதால் இதுநாள்வரை உங்களை அண்ணன் என்று கூப்பிட்டேன். இனி அந்த முறை கிடையாது.

தீபாவளி முடிந்த சனிக்கிழமை பூங்கோதை வீட்டைவிட்டு வந்தாள். நான் அழைத்ததால் ஓடிவந்தாள் என்று நீங்கள் ஊரில் சொல்கிறீர்களாம். நான் அழைத்தபோது அவள் வரவில்லை. அன்று சூளை மேடையில், வேலைக்காரர்கள் எல்லோருக்கும் எதிரில் அவள் தலைமுடியைப் பிடித்தீர்கள். பொம்மைக்குக் கண் வரைகிற தனக்கோடி அக்கா மட்டும் வந்து உங்கள் கையை விலக்கினார். மற்றவர்கள் மண்ணைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் அவள் செருப்புகூடப் போடாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்திருக்கிறாள்.

சரியான பஸ்ஸில்தான் ஏறினாள். ஆனால் நல்லூர் கைகாட்டியில் இறங்க வேண்டும் என்பது அவளுக்கு மறந்துபோனது. வேப்பூரில் இறக்கிவிட்டார்கள். ஹைவே ஓரத்தில் லாரிகள் போகிற பக்கமாக நின்றுகொண்டு, எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் "எங்க அண்ணி ஊருக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். ஊர்ப் பெயர் வரவில்லை. சாப்பாட்டுக் கடைக்கார அம்மா அவளைப் பிடித்து உட்காரவைத்து, ஜாக்கெட்டில் செருகியிருந்த டாக்டர் சீட்டைப் பார்த்து, அதில் இருந்த நம்பருக்குப் பேசி, டாக்டர் எங்களுக்குப் பேசினார். நானும் அப்பாவும் போய் அழைத்துவந்தோம். ஹைவே சத்தத்தில் நானும் வாந்தி எடுத்தேன், அவளும் எடுத்தாள். என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "நீங்க ஏன் வந்தீங்க, ஒங்களுக்கு இந்தச் சத்தம் ஆகாதே" என்பது.

முதல் இரண்டு நாள் அப்பாவுக்கே தயக்கம்தான். "கட்டிக்கிட்டவன்கிட்டேருந்து கூட்டியாந்தா ஊரு நம்மளத்தான் பேசும்" என்றார். பூங்கோதை குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது அம்மா அவள் மண்டையைத் தடவிப் பார்த்தாள். புடைப்புகளை விரலால் காட்டி அப்பாவைக் கூப்பிட்டாள். உங்கள் ஆட்கள் வந்தபோது கேட்டுக்கு வெளியிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பியது அவர்தான்.

அவளுக்குத் தலை சரியில்லை, பைத்தியம், அதனால் பேச்சை நம்ப வேண்டாம் என்று அந்த ஆட்கள் சொன்னார்கள். நீங்கள் சொல்லித்தானே சொன்னார்கள். தலை சரியில்லை என்பது உண்மைதான். எதனால் சரியில்லை என்று சோதித்து, எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். அதோடு விருத்தாசலம் மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டோம். நேற்று மத்தியானம் முழுக்க அந்த ட்யூப்லைட்டுக்குக் கீழே இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். என் கறுப்புக் கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டோம். தனக்கோடி அக்கா சாட்சி சொல்ல வந்தார். உங்களிடம் வேலை போகும் என்று தெரிந்தேதான் வந்தார்.

என் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை மஸ்கட்டிலிருந்து வருகிறார். நடந்ததை அவருக்குப் போனில் சொன்னவள் பூங்கோதை. அவர் வந்து, தன் பேரில் இருக்கிற யூனிட்டின் சாவியைக் கேட்பார். கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் இருவரும் இங்கே கொஞ்சிக் குலாவவில்லை. காலையிலிருந்து இரண்டு முறை சண்டை. நடிக்கிறாள் என்று எழுதியதற்கு அவள் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளைத் தோற்றவள் என்று எழுதியதற்கு நானும் கேட்கவில்லை. அது எங்கள் பாடு. நீங்கள் இந்த ஊர்ப் பக்கம் வரக் கூடாது என்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை இல்லை.

பூங்கோதையும் ஏதோ எழுத வேண்டும் என்கிறாள். எழுதட்டும்.

பிரபா

பூங்கோதை எழுதுவது.

பத்து வருஷமாக ஆஸ்பத்திரியில், அக்கம்பக்கத்தில், அண்ணனிடத்தில், கேட்டவர்களிடமெல்லாம் கீழே விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். நேற்று ஸ்டேஷனில் அந்த அம்மா கேட்டபோதும் வாயில் அதுதான் முதலில் வந்தது. அதை அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொன்னேன்.

நான் விழவில்லை.